கோட்டை வாசலில் யார் நிற்கிறார்?
ராஜாஜியின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம்

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு சிற்றூர். அந்த ஊரில் ஒரு சிறிய வீட்டில், 1878-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ம் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் நல்லான் சக்கரவர்த்தி ஐயங்கார். அவர் ஊர் முனிசீப். தாயார் சிங்காரம்மாள். பிள்ளைக்கு ராஜகோபாலன் என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் நாடு முழுவதும் ராஜாஜி என்று அழைத்தது அந்தப் பிள்ளையைத்தான்.

வெள்ளைக்காரன் சர்க்காரில் ஊர் முனிசீப் என்பது கடைசிப் படி. மேல்படியில் லண்டன், கீழ்ப்படியில் தொரப்பள்ளி. கிஸ்தி வசூலிப்பது முனிசீப் வேலை. அந்தக் கடைசிப் படியில் பிறந்த பிள்ளை ஒரு நாள் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக முதல் படியில் அமர்ந்தார். கடைசிப் படிக்கும் முதல் படிக்கும் நடுவே யார் யார் நிற்கிறார்கள், யார் பேச்சு மேலே போகிறது, யார் பேச்சு வழியிலேயே நின்றுவிடுகிறது என்பதை ஆயுள் முழுவதும் பார்த்தவர் அவர். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

வக்கீல் ராஜகோபாலாச்சாரி

ஓசூர் பள்ளிக்கூடத்தில் படித்தார். பிறகு பெங்களூர் சென்டிரல் காலேஜ். பிறகு சென்னையில் சட்டப் படிப்பு. 1900-ம் ஆண்டு சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில் சேர்ந்திருந்தன. தொழில் ஓங்கி வளர்ந்தது. பணமும் வந்தது, பெயரும் வந்தது. சேலம் முனிசிபாலிடிக்குச் சேர்மனும் ஆனார்.

காந்தியடிகளைக் கண்ட பிறகு எல்லாம் மாறிற்று. ஒத்துழையாமை இயக்கம் வந்தது. வக்கீல் தொழிலை உதறினார். சிறைக்குப் போனார். 1925-ம் ஆண்டு திருச்செங்கோடு தாலுகாவில் புதுப்பாளையம் என்ற கிராமத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக்கொண்டு ஏழைகள் நடுவே குடியேறினார். கதர் நூற்பது ஒரு வேலை. குடியை ஒழிப்பது இன்னொரு வேலை.

கள்ளுக்கடையின் கணக்கு

குடியை ஒழிப்பது என்றால் குடிப்பவனுக்குப் புத்தி சொன்னால் போதாதா? போதாது என்று ராஜாஜி சீக்கிரமே கண்டுகொண்டார். குடிப்பவனுக்குப் பின்னால் ஒரு வியாபாரம் இருந்தது. வியாபாரத்துக்குப் பின்னால் சர்க்கார் இருந்தது.

அந்த ஏற்பாடு இப்படி நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் கள்ளுக்கடைகளையும் சாராயக் கடைகளையும் சர்க்கார் ஏலம் போடும். அதிகத் தொகை கேட்டவருக்குக் கடை. மரத்துக்கு வரி, சாராயத்துக்கு வரி. கட்டிய பணத்தைக் குத்தகைதாரர் திரும்ப எடுக்க வேண்டும். அதற்கு அதிகம் பேர் குடிக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஏலத்தொகை ஏற வேண்டும் என்று சர்க்காரும் விரும்பும். அதற்கும் அதிகம் பேர் குடிக்க வேண்டும். குத்தகைதாரர், சர்க்கார் இருவர் நோக்கமும் ஒன்றாகிவிட்டது. சென்னை மாகாணத்தின் வருமானத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்த வழியில்தான் வந்தது.

குத்தகைதாரர் கலெக்டர் ஆபீசுக்குப் போய்ப் பேச முடியும். மகஜர் எழுத ஆள் உண்டு. வக்கீல் வைக்கப் பணம் உண்டு. சனிக்கிழமைக் கூலி முழுவதும் கள்ளுக்கடைக்குப் போய்விட்டது என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளை எங்கே போய்ப் பேசுவாள்? அவளுக்காகப் பேச ஒரு பத்திரிகை வேண்டும் என்று ராஜாஜி நினைத்தார். 1929-ம் ஆண்டு ஆசிரமத்திலிருந்து விமோசனம் என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். முழுக்க முழுக்க மதுவிலக்குக்காகவே நடந்த பத்திரிகை அது. அதில் அவருக்குத் துணையாக வேலை பார்த்தவர் பின்னால் பெரும் புகழ் பெற்ற எழுத்தாளர் கல்கி.

சட்டசபையில் தனி நாற்காலி

1937-ம் ஆண்டு தேர்தல் வந்தது. காங்கிரஸ் ஜெயித்தது. ஜூலை மாதம் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். அந்த நாளில் மாகாண முதல்வருக்குப் பிரதம மந்திரி என்றே பெயர்.

அவர் நுழைந்த சட்டசபையைப் பற்றி ஒரு விவரம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கீழ்ச்சபையில் மொத்தம் 215 இடங்கள். அதில் 6 இடம் வியாபாரிகள், முதலாளிகளின் சங்கங்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது. இன்னும் 6 இடம் ஜமீன்தார் முதலான பெரிய நிலக்காரர்களுக்கு. தொழிலாளர்களுக்கும் 6 இடம் இருந்தது. வெள்ளைக்கார சர்க்கார் 1935-ம் ஆண்டுச் சட்டத்தில் இப்படி எழுதி வைத்திருந்தது. மற்றவர் ஊரைக் கேட்டு உள்ளே வரவேண்டும். பண மூட்டைக்கும் நில மூட்டைக்கும் தனி வாசல் திறந்திருந்தது. அதுபோக, ஓட்டுப் போடும் உரிமையே எல்லோருக்கும் இல்லை. சொத்து உள்ளவர், வரி கட்டுபவர், படித்தவர் என்று ஓர் அளவு வைத்திருந்தார்கள். கூலிக்காரருக்கும் ஏழைப் பெண்களுக்கும் பெரும்பாலும் ஓட்டு கிடையாது.

ஆங்கில நாட்டில் பார்லிமெண்ட் முன்கூடத்துக்கு லாபி என்று பெயர். உறுப்பினர் உள்ளே போகும்போதும் வரும்போதும் அங்கே நின்று காதில் ஓதுவதால், இப்படிக் காரியம் சாதிப்பதற்கே லாபி என்று பெயர் வந்துவிட்டது. நம் ஊரில் சிபாரிசு பிடிப்பது என்கிறோம். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

சேலத்தில் கடை மூடியது

1937-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி சேலம் ஜில்லா முழுவதும் மதுவிலக்கு வந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திருச்செங்கோடு எங்கும் கள்ளுக்கடைக் கதவு மூடியது. முதல் ஜில்லாவாகத் தம் சொந்த ஜில்லாவையே ராஜாஜி எடுத்துக்கொண்டார்.

ஓசூர்ப் பக்கத்தில் ஒரு கஷ்டம் உண்டு. எல்லையைத் தாண்டினால் மைசூர் சமஸ்தானம். அங்கே கடைகள் திறந்தே இருந்தன. இந்தப் பக்கம் சட்டம். அந்தப் பக்கம் சாராயம். எல்லையோரத்தில் சட்டத்தைக் காப்பது எவ்வளவு கடினம் என்று அங்கே வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கஷ்டமும் உண்டு. மரம் ஏறிப் பிழைத்த ஏழைகளின் பிழைப்பு போயிற்று. அவர்கள் குத்தகைதாரர் அல்ல, அன்றாடம் உழைத்தவர்கள். பதநீர் இறக்கவும் வெல்லம் காய்ச்சவும் அவர்களுக்கு வழி செய்ய வேண்டியிருந்தது. ஒரு சட்டம் வந்தால் பணக்காரனுக்கு மட்டும் நஷ்டம் வராது, ஏழைக்கும் வரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

1938-ல் சித்தூர், கடப்பை ஜில்லாக்கள் சேர்ந்தன. 1939-ல் வட ஆற்காடு சேர்ந்தது.

கடை மூடினால் கஜானாவுக்கு எங்கிருந்து பணம்? பள்ளிக்கூடத்தை மூடித்தான் கள்ளுக்கடையை மூட முடியும் என்று பயமுறுத்தியவர்களுக்கு ராஜாஜி வேறு வழி காட்டினார். 1939-ம் ஆண்டு விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். எல்லாச் சரக்குக்கும் பொதுவான விற்பனை வரி இந்தியாவிலேயே முதலில் வந்தது சென்னை மாகாணத்தில்தான். ஆண்டுக்குப் பதினாயிரம் ரூபாய்க்குக் குறைவாக விற்கும் சின்னக் கடைகளுக்கு விலக்குக் கொடுத்தார். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் சட்டம் நிறைவேறியது. இன்று நாம் சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் கட்டுகிற வரிக்கு மூத்த அண்ணன் அந்த வரி.

வட்டிக்கடை எதிர்த்தது

1938-ம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932-ம் ஆண்டு அக்டோபருக்கு முன் விவசாயி வாங்கிய கடனாக இருந்தால், 1937 அக்டோபர் வரை பாக்கி நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல இரண்டு பங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்துபோயிற்று. நிலத்தை வட்டிக்கு இழக்கவிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இது மறுபிறவி.

லேவாதேவிக்காரர் விடவில்லை. சட்டம் செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். ராஜாஜி அசையவில்லை. ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நிலம் உள்ள விவசாயிக்குத்தான் அந்தச் சட்டம். ஒரு சென்ட் நிலமும் இல்லாத கூலிக்காரனின் கடன் அதில் வரவில்லை. சட்டசபையில் அவன் பேச்சு கேட்கவில்லை. சட்டத்திலும் அவன் பெயர் ஏறவில்லை.

கேட்காத காது

ராஜாஜி பணக்காரரின் நெருக்கடிக்கு வளையாதவர். ஆனால் வளையாத குணம் சில சமயம் பொதுஜனக் குரலையும் கேட்கவிடாமல் செய்தது. 1938-ம் ஆண்டு 125 உயர்நிலைப் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். நாடெங்கும் மறியல். ஆயிரத்துக்கு மேற்பட்டவர் சிறை புகுந்தார்கள். நடராசன், தாளமுத்து இருவரும் காவலில் இருந்தபோது நோயுற்று 1939-ல் உயிர் நீத்தார்கள். யாரும் ரகசியமாக வந்து காதில் ஓதவில்லை. தெருவில் நின்று எல்லோரும் கேட்கக் கேட்டார்கள். அதற்குச் செவிசாய்க்க ராஜாஜிக்கு மனம் வரவில்லை. உலக யுத்தத்தை முன்னிட்டுக் காங்கிரஸ் மந்திரி சபை 1939 அக்டோபரில் ராஜினாமாச் செய்தது. 1940 பிப்ரவரியில் கவர்னர் அந்த உத்தரவை ரத்துச் செய்தார்.

மந்திரி சபை போனதும் மதுவிலக்குக்கும் ஆபத்து வந்தது. யுத்த காலத்தில், கவர்னர் ஆட்சியில், மூடிய கடைகள் மறுபடி திறந்தன. சுதந்திரம் வந்த பிறகு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, 1948-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி, மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலாயிற்று.

மறுபடியும் கோட்டையில்

இதற்குள் ராஜாஜி மேற்கு வங்காளக் கவர்னர், இந்தியாவின் கவர்னர் ஜெனரல், டில்லியில் உள்நாட்டு மந்திரி என்று பல பதவிகளைப் பார்த்துவிட்டார். 1952-ம் ஆண்டு சென்னையில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ராஜாஜியை அழைத்து வந்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. கவர்னர் நியமனத்தில் மேல்சபைக்கு வந்து முதலமைச்சர் ஆனார்.

வந்தவுடன் ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்தார். யுத்த காலத்திலிருந்து அரிசிக்கு ரேஷன் இருந்தது. ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு நெல் கொண்டுபோகப் பர்மிட் வேண்டும். பர்மிட் உள்ளவனுக்கு லாபம். கள்ளமார்க்கெட்டுக்காரனுக்கு அதைவிட லாபம். கட்டுப்பாடு ஏழைக்காக வந்தது. அதில் பிழைத்தவர் வேறு. கட்டுப்பாடு போனால் விலை வானத்துக்கு ஏறும் என்று பலர் பயந்தார்கள். ராஜாஜி துணிந்து எடுத்தார்.

அதே ஆண்டு தஞ்சாவூரில் குத்தகைக்காரரையும் பண்ணையாட்களையும் காக்க ஓர் அவசரச் சட்டம் போட்டார். மிராசுதார்கள் நினைத்த மாத்திரத்தில் ஆளை வெளியேற்ற முடியாதபடி தடை வந்தது. மிராசுதார்கள் எதிர்த்தார்கள். பெரிய நிலக்காரர் பலர் காங்கிரசுக்காரரே. சொந்தக் கட்சிக்காரர் முகம் சுளித்தாலும் சட்டம் நிலைத்தது.

கைத்தறிக்காரர்களுக்காக டில்லியோடு மல்லுக்கு நின்றார். வேஷ்டியும் சேலையும் நெய்வதைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்பது அவர் கேட்டது. மில் முதலாளிகள் விடுவார்களா? அவர்களுக்கு டில்லியில் செல்வாக்கு அதிகம். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் மில்கள் நெய்யும் வேஷ்டியின் அளவை முன்பு இருந்ததில் நூற்றுக்கு அறுபதாக மத்திய சர்க்கார் குறைத்தது. 1953-ல் மில் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பை வரி போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் கொடுக்கச் சட்டம் வந்தது. அது அந்தக் காலத்துப் பை. ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு. நெசவாளருக்காகக் கேட்டதும் ஒரு சிபாரிசுதான். எல்லாச் சிபாரிசும் கெட்டதல்ல என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. ராஜாஜி கேட்டதை ஊர் அறியக் கேட்டார். ஏன் கேட்கிறார் என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் 1953-ல் மறுபடியும் பழைய தவறு நடந்தது. கிராமப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பள்ளிகளுக்குப் பணம் பற்றாத காலம் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. செருப்புத் தைப்பவன் பிள்ளை செருப்புத்தான் தைக்க வேண்டுமா, இது குலக்கல்வி அல்லவா என்று நாடே கொதித்தது. பாதிக்கப்படும் குடும்பங்களை முன்கூட்டிக் கேட்காமலே திட்டம் வந்துவிட்டது. சொந்தக் கட்சியிலும் எதிர்ப்பு மூண்டது. 1954-ல் பதவி விலகினார். பின் வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். பணக்காரரை எதிர்த்து ஜெயித்த மனிதர், ஏழைப் பெற்றோரைக் கேட்காததால் தோற்றார்.

பர்மிட், லைசென்ஸ், கோட்டா

ஓய்வெடுக்க வேண்டிய வயதில் புதுக் கட்சி தொடங்கினார். 1959-ம் ஆண்டு சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தபோது அவருக்கு எண்பது வயது நிறைந்திருந்தது.

அப்போது நாட்டில் 1951-ம் ஆண்டுத் தொழில் சட்டம் நடந்துகொண்டிருந்தது. முக்கியமான தொழில்களில் புதிதாகப் பாக்டரி கட்ட லைசென்ஸ் வேண்டும். இருக்கிற பாக்டரியைப் பெரிதாக்க லைசென்ஸ் வேண்டும். வெளிநாட்டு இயந்திரத்துக்குப் பர்மிட் வேண்டும். மூலப்பொருளுக்குக் கோட்டா வேண்டும். நாட்டின் செல்வம் ஒருசிலர் கையில் சேராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். நோக்கம் நல்லதே. நடந்தது என்ன? பெரிய கம்பெனிகள் டில்லியில் இதற்கென்றே காரியாலயம் திறந்தன. எந்த அதிகாரியைப் பார்ப்பது, எந்த மந்திரியிடம் சொல்வது என்று தெரிந்த ஆட்களை உட்கார வைத்தன. சிறு தொழில்காரன் ரயில் ஏறி டில்லிக்குப் போனால் வாசலில் பியூன் நிறுத்திவிடுவான்.

இந்த ஆட்சிக்கு ராஜாஜி வைத்த பெயர் பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம். பெயர் நிலைத்துவிட்டது. லைசென்ஸ் கொடுப்பவர் கை ஓங்கி நின்றால், லைசென்ஸ் வாங்குபவர் அந்தக் கைக்குப் பணம் வைப்பார். ஆளும் கட்சிக்குத் தேர்தல் நிதி அப்படித்தான் சேரும் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதை மெய்ப்பிப்பதுபோல 1967-ல் ஓர் அறிக்கை வந்தது. ஹசாரி என்ற பொருளாதார நிபுணர் திட்டக் கமிஷனுக்காக எழுதியது. பெரிய தொழில் குடும்பமான பிர்லா கம்பெனிகள் ஏராளமான லைசென்சுகளுக்கு மனுப் போட்டு, மற்றவருக்கு இடமில்லாமல் முன்கூட்டியே பிடித்துக்கொண்டதை அந்த அறிக்கை எடுத்துக்காட்டியது. பெரியவரைத் தடுக்கக் கட்டிய வேலி, பெரியவருக்கே காவல் ஆயிற்று.

ஆனால் நியாயத்தை முழுக்கச் சொல்ல வேண்டும். ராஜாஜியின் கட்சி மட்டும் பணக்காரர் நிழல் படாமல் இருந்ததா? இல்லை. ராஜாக்களும், பழைய ஜமீன்தார்களும், பெரிய முதலாளிகளும் அந்தக் கட்சியில் வந்து சேர்ந்தார்கள். டாட்டா நிறுவனம் காங்கிரசுக்கும் சுதந்திராக் கட்சிக்கும் நன்கொடை கொடுப்பதென்று 1961-ல் முடிவு செய்தது. இது முதலாளிகள் கட்சி என்று எதிரிகள் சொன்னதற்கு இடம் இருந்தது. ராஜாஜி தனி வாழ்க்கையில் கதர் கட்டியவர், எளிமையாக வாழ்ந்தவர். ஆனால் கட்சி நடத்தப் பணம் வேண்டும். பணம் உள்ளவர் கொடுத்தால்தான் உண்டு. பணத்தின் செல்வாக்கை எதிர்க்கும் கட்சிக்கும் பணமே தேவைப்பட்டது. இந்த முடிச்சை அவராலும் அவிழ்க்க முடியவில்லை.

1967-ல் சுதந்திராக் கட்சிக்குப் பார்லிமெண்டில் 44 இடம் கிடைத்தது. 1969-ல் கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கக் கூடாது என்று இந்திரா காந்தி சர்க்கார் தடை போட்டது. 1971 தேர்தலில் அந்தக் கட்சி 8 இடத்துக்குச் சுருங்கிற்று.

வாஷிங்டனில் ஒரு மனு

இதற்கு நடுவில் 1962-ம் ஆண்டு ஓர் அதிசயம் நடந்தது. எண்பத்துமூன்று வயது ராஜாஜி கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி கேட்பதற்காகக் காந்தி சமாதான நிதியத்தார் அனுப்பிய தூதுக்குழு அது. வாஷிங்டனில் ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்தார். சந்தித்துப் பேசும் வேலைக்கு லாபி என்று பெயர் வைத்தால், அதுவும் ஒரு லாபிதான். ஆனால் கம்பெனிக்காக அல்ல; கட்சிக்காகவும் அல்ல. பிறக்கப் போகும் குழந்தைகள் மூச்சு விடும் காற்றுக்காக அந்தக் கிழவர் வாசலில் நின்றார்.

மழையில் போன முதியவர்

கடைசியாக ஒரு முறை அவர் மனுதாரராகப் போனது 1971-ல். அண்டை மாநிலங்கள் மதுவிலக்கை ஏற்கெனவே கைவிட்டிருந்தன. தமிழ்நாட்டின் கஜானாவில் நெருக்கடி. மதுவிலக்கைப் புதிதாகக் கொண்டுவரும் மாநிலங்களுக்குத்தான் மத்திய சர்க்கார் மானியம் தரும், ஏற்கெனவே நடத்தி நஷ்டப்படும் தமிழ்நாட்டுக்குத் தராது என்பது முதலமைச்சர் கருணாநிதியின் குறை. அந்தக் குறையில் நியாயம் உண்டு. மதுவிலக்கைத் தள்ளிவைக்கச் சர்க்கார் தீர்மானித்தது.

செய்தி கேட்டு ராஜாஜி பதறினார். தொண்ணூற்றிரண்டு வயது. கொட்டும் மழையில் முதலமைச்சர் வீட்டுக்கே போனார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முதலமைச்சர் மரியாதையோடு வரவேற்றார், முடிவை மாற்றவில்லை. 1971 ஆகஸ்ட் 30-ம் தேதி மதுவிலக்கு விலகியது.

சேலம் ஜில்லாவில் கடைகளை மூடி முப்பத்துநாலு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1972-ம் ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி ராஜாஜி காலமானார். அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1973-ல் கள்ளுக்கடைகளையும் 1974-ல் சாராயக் கடைகளையும் கருணாநிதியே மூடினார். அதைப் பார்க்க ராஜாஜி இல்லை.

அதன் பிறகு

1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடைகள் மீண்டும் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் கழகம் வந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே நடத்துகிறது. 2023-24-ம் ஆண்டில் மது மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். அந்தக் காலத்தில் குத்தகைதாரர் சர்க்காரின் வாசலில் நின்றார். இப்போது கடை நடத்துவதும் அரசே. கடையை மூடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டியதும் அரசிடமே.

லைசென்ஸ் ராஜ்யம் 1991-ல் பெரும்பாலும் போய்விட்டது. ராஜாஜி பிறந்த ஊருக்குப் பக்கத்தில் ஓசூர் இன்று தொழில் நகரம். சிப்காட் வளாகம், லாரி பாக்டரி, மோட்டார் சைக்கிள் பாக்டரி, கைக்கடிகாரப் பாக்டரி என்று வரிசையாக நிற்கின்றன. இரு மாநிலத்து ஆட்களுக்கும் வேலை கிடைக்கிறது. லைசென்ஸ் போனாலும் சிபாரிசு போகவில்லை. நிலம், தண்ணீர், மின்சாரம், வரிச் சலுகை என்று கேட்பதற்குப் பெரிய தொழில்காரருக்குச் சங்கம் உண்டு. கேட்பது அவர்கள் உரிமை. பக்கத்தில் நிலம் கொடுத்த விவசாயிக்கும், கான்டிராக்ட் கூலிக்காரனுக்கும் அதே உரிமை உண்டு. அதே வசதி இல்லை.

அமெரிக்காவில் சிபாரிசுத் தொழில் செய்பவர் தம் பெயரையும், யாருக்காகப் பேசுகிறார் என்பதையும், எவ்வளவு பணம் பெறுகிறார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதனால் அங்கே பணத்தின் செல்வாக்கு ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் யார் வந்து போனார் என்பதாவது ஊருக்குத் தெரிகிறது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. 1969-ல் தடை செய்த கம்பெனி நன்கொடையை 1985-ல் மறுபடி அனுமதித்தார்கள். 2018 முதல் தேர்தல் பத்திரம் என்ற முறை வந்தது. யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்று வாக்காளருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த முறை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. வாக்காளருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்பதே அதன் சாரம்.

நம் கையில் உள்ளது

ராஜாஜியை ஒப்புக்கொள்கிறவர்களும் உண்டு, ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. ஹிந்தி விஷயத்திலும் கல்வித் திட்டத்திலும் அவரை மன்னிக்காத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர் ஜெயித்த இடங்களைப் பாருங்கள். குரலில்லாதவருக்காகப் பேசியபோது ஜெயித்தார். அவர் தோற்ற இடங்களையும் பாருங்கள். குரல் எழுப்பியவர்களைக் கேட்காதபோது தோற்றார்.

கோட்டை வாசல் எந்தக் காலத்திலும் காலியாக இருந்ததில்லை. நாம் போய் நிற்காவிட்டால் வேறு யாராவது நிற்பார்கள். அவர்களுக்கு வேண்டியதைக் கேட்பார்கள், கேட்டது கிடைக்கும். அவர்களை விரட்டுவதால் மட்டும் பயனில்லை. நாமும் போக வேண்டும்.

ராஜாஜி காலத்தில் கூலிக்காரனுக்கு ஓட்டில்லை. இன்று எல்லோருக்கும் ஓட்டு உண்டு. ஆண்டில் சில நாட்கள் ஊரில் கிராம சபை கூடுகிறது. குடியரசு தினத்தில் கூடுகிறது, மே தினத்தில் கூடுகிறது, சுதந்திர தினத்தில் கூடுகிறது, காந்தி ஜயந்தியில் கூடுகிறது. அங்கே ஊர்க்காரர் யாரும் எழுந்து பேசலாம். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் குறை கேட்கிறார்கள். பத்து ரூபாய் கட்டினால் தகவல் உரிமைச் சட்டப்படி அரசாங்கக் காகிதத்தைக் கேட்டு வாங்கலாம். பாக்டரி முதலாளி அனுப்பும் ஆளுக்குச் சம்பளம் உண்டு. நமக்கு இல்லை. ஒருவராகப் போனால் வாசலில் நிறுத்துவார்கள். தெருவே சேர்ந்து போனால் உட்கார வைத்துக் கேட்பார்கள். அடுத்த கிராம சபை என்றைக்கு என்று வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டு, காலண்டரில் குறித்து வையுங்கள்.